பதினான்காம் பாத்தியில் முப்பத்தொரு பூச்சிகள்

"பதினான்காம் இலக்கப் பாத்தியை வைத்திருக்கும் உறுப்பினர் பயிர்ப் பராமரிப்பில் அக்கறையற்றவராகவும், பூச்சிகள் பற்றிய அடிப்படை அறிவு இல்லாதவராகவும், இலைத் தூய்மை தொடர்பான விதியைத் தொடர்ந்து புறக்கணிப்பவராகவும் குழுவினால் அவதானிக்கப்பட்டுள்ளார். எதிர்வரும் சனிக்கிழமை நடைபெறும் மதிப்பீட்டில் ஐம்பது புள்ளிகளுக்குக் குறைவாகப் பெறின், மேற்படி பாத்தி காத்திருப்போர் பட்டியலிலுள்ள அடுத்த குடும்பத்துக்கு வழங்கப்படும்."

பெப்ரவரி மாதத்து முதலாம் புதன்கிழமை, பூமியின் தென்கோடியில் நாங்கள் குடியேறி வாழும் பாபகூராவிலுள்ள எங்கள் தமிழர் கூட்டுத் தோட்டத்தின் கருவிக் கொட்டகைக் கதவில் இந்த அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. எழுதியவர் தோட்டக் குழுத் தலைவர் இராசநாயகம். முப்பது வருடம் நீர்ப்பாசனப் பொறியியலாளராக இருந்தவர். அவருடைய எழுத்தில் எவரும் எதையும் செய்வதில்லை, எல்லாம் செய்யப்படும். மரியாதைக்காக ஆளின் பெயரைப் போடாமல் பாத்தி இலக்கத்தை மட்டும் போட்டிருந்தார். இருபத்திரண்டு பாத்திகள் உள்ள தோட்டத்தில் இலக்கத்தைச் சொன்னால் ஆளின் கைபேசி இலக்கம்வரை எல்லோருக்கும் தெரியும் என்பது வேறு விடயம்.

அறிவித்தலில் உண்மையான சொல் ஒன்று இருந்தது: "தொடர்ந்து". பதினான்காம் பாத்திக்காரி சோபனா எதைச் செய்தாலும் தொடர்ந்துதான் செய்வார்.

சோபனாவுக்கு நாற்பத்தேழு வயது. ஐந்தடி உயரம். யாழ்ப்பாணத்தில் படித்தது வணிகம். உயிரியல் வகுப்பு வாசலைக்கூட மிதித்ததில்லை. கரப்பான் பூச்சியைக் கண்டால் கதிரையில் ஏறி நிற்பார், அதை அவரே மறைக்காமல் சொல்வார். ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பதினொரு வருடமாகத் தரப் பரிசோதகர். மருத்துவமனைகளில் குழாயையும் குழாயையும் இணைக்கும் சுண்டுவிரல் நகமளவு மூட்டுகள் அங்கே வார்க்கப்படுகின்றன. அவற்றைப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியால் பார்த்து, தேறியதை ஒரு தட்டிலும் தேறாததைச் சிவப்புத் தட்டிலும் போடுவது அவருடைய வேலை. சிவப்புத் தட்டு நிரம்பும்போது முதலாளிமாருக்கு முகம் சுருங்கும். அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை.

அவர் வேலை செய்யும் முறை இது: ஒரு பொருளை முழுதாகப் பார்க்கமாட்டார். முழுதாகப் பார்த்தால் எல்லாம் நல்லதாகவே தெரியும் என்பார். விளிம்பு சரியா, துளை சரியா, மடிப்பு சரியா என்று ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓம் அல்லது இல்லை என்று எழுதுவார். கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதும்வரை அந்தப் பொருள் நல்லதா கெட்டதா என்று தனக்குள்கூடச் சொல்லிக்கொள்ளமாட்டார். "முதலே பேரை வைச்சால் கண் அந்தப் பேரைத்தான் பாக்கும்" என்று தன்னுடன் வேலை செய்யும் சமோவாப் பெண்ணுக்கு அவர் ஆங்கிலத்தில் விளக்கியதாகக் கேள்வி. அது எப்படி விளங்கியதோ, அந்தப் பெண்ணும் இப்போது சிவப்புத் தட்டை நிரப்புகிறாள்.

வீட்டு மோட்கேஜில் அவர் பெயரும் கணவர் பிரதாபனின் பெயரும் இருக்கின்றன. கார் பிரதாபனின் பெயரில். பதினான்காம் பாத்தி மட்டும் தனியே சோபனாவின் பெயரில் இருந்தது. நான்கு மீற்றருக்கு மூன்று மீற்றர். அது போய்விடும் என்று கதவில் ஒட்டியிருந்தது.

இனி அந்த இலைத் தூய்மையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எங்களைத் தவிர வேறு எவருக்கும் தோன்றியிருக்காது.

தோட்டம் தொடங்கியது காய்கறிக்காக. இரண்டாம் வருடம் போட்டி வைத்தார்கள். போட்டி என்றால் புள்ளித்தாள் வேண்டும். வரிசை ஒழுங்குக்கு இருபத்தைந்து, பாத்தி அமைப்புக்கு இருபத்தைந்து, விளைச்சலுக்கு இருபத்தைந்து, இலைத் தூய்மைக்கு இருபத்தைந்து. கடைசி இருபத்தைந்தும்தான் கையில் பிடிபடுகிறது என்று உறுப்பினர்கள் விரைவில் கண்டுகொண்டார்கள். விளைச்சல் கடவுள் விட்ட வழி; இலையைத் துடைப்பது எங்கள் கையில். மதிப்பீட்டுக்கு முதல் நாள் பின்னேரம் தோட்டத்துக்குப் போனால் பார்க்கலாம்: தகப்பன் வாளி பிடிக்க, தாய் ஈரத்துணியால் ஒவ்வொரு இலையையும் மேலும் கீழும் துடைத்துக்கொண்டிருப்பார். கத்தரிக்காய்க்குத் தேங்காய் எண்ணெய் பூசுகிறவர்களும் உண்டு. கண்ணில் பட்ட பூச்சியை இடுக்கியால் எடுத்துச் சவர்க்காரத் தண்ணீரில் போடுவார்கள். பெரிய பூச்சி முதலில் கண்ணில் படும், ஆகவே பெரிய பூச்சி முதலில் சாகும். சாப்பிடுவதற்காக நட்ட செடி மணவறைக்குப் போகிற மாதிரி நிற்கும்.

சோபனாவும் போட்டியின் முதல் வருடம் துடைத்தார். அவர் துடைத்தால் எப்படித் துடைத்திருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. தொண்ணூற்றிரண்டு புள்ளி, முதலாம் பரிசு. மூன்று கிழமைக்குப் பிறகு பச்சைப் புழுக்கள் வந்து பயற்றங்கொடியை நரம்பு மட்டும் விட்டுவைத்தன. அந்த வருடம் அவருக்குக் கிடைத்தது பதினொரு பயற்றங்காய். பரிசுக் கிண்ணத்துக்குள் போட்டாலும் பாதி நிரம்பியிராது.

இரண்டாம் வருடம் வேலை முறை மாறி, பின்னேரங்களில் தோட்டத்துக்கு வர முடியாமற் போனது. துடைக்கவில்லை. ஒரு ஞாயிறு காலை வந்து பார்த்தபோது, ஒரு இலையின் விளிம்பில் கேடயம் போன்ற உருவமுள்ள பழுப்புப் பூச்சியொன்று நின்றது. அதன் வாயிலிருந்து ஒரு பச்சைப் புழு தொங்கிக்கொண்டிருந்தது. புழுவைக் கடிக்கவில்லை, விழுங்கவில்லை. வாயிலுள்ள ஊசியால் குத்தித் தூக்கி வைத்துக்கொண்டு, இளநீர் குடிக்கிறவர் மாதிரி அவசரமில்லாமல் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

கரப்பானுக்குக் கதிரையில் ஏறுகிற அந்த மனுசி மண்ணில் முழங்காலூன்றி, கைப்பையிலிருந்த பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, இருபது நிமிடம் அதைப் பார்த்தார். அன்று மாலை நூலகத்தில் புத்தகம் எடுத்தார். வாய்க்குப் பதிலாக ஊசி வைத்திருக்கும் பூச்சிகளுக்குத் தமிழில் நாவாய்ப்பூச்சி என்று பெயர் என்றும், மூட்டைப்பூச்சிகூட அந்தச் சாதிதான் என்றும், கேடய உருவமுள்ள குடும்பத்தில் பெரும்பாலானவை செடியின் சாற்றை உறிஞ்சினாலும் ஒரு கிளை மட்டும் மற்றப் பூச்சிகளைக் குத்திக் குடித்து வாழ்கிறது என்றும் அறிந்தார். தன் பாத்தியில் நின்றது அந்தக் கிளை. அந்த வருடம் ஐம்பத்தெட்டுப் புள்ளி. பயற்றங்காய் பையில் அடங்கவில்லை. நாங்கள் எல்லோரும் வாங்கிக்கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, இலை அழுக்கு என்று கதைத்தோம்.

மூன்றாம் வருடம் அறிவித்தல் வந்தது.

அறிவித்தல் ஒட்டிய மறுநாள் வியாழன் மாலை ரங்கநாதன் தோட்டத்துக்கு வந்தார். அவர் தமிழ்நாட்டுக்காரர், ஆறாம் பாத்தி, விவசாயத்தில் பட்டம் பெற்றவர், நகரத்தில் கணினி வேலை. குழுவில் படித்த விவசாயி அவர் ஒருவர்தான் என்பதால் மதிப்பீட்டாளரும் அவர்தான். நல்ல மனிதர். பட்டம் பெற்றதன் பிறகு பூச்சியைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான் குறை. சோபனாவின் பயற்றங்கொடியில் கைபேசியை நீட்டி ஒரு படம் எடுத்தார். பூச்சிகளை அடையாளம் சொல்லும் செயலி ஒன்று அவரிடம் இருந்தது. அது சொன்ன பதிலைப் பார்த்து அவர் முகம் மாறியது.

"மேடம், இது சாதாரணப் பூச்சி இல்லீங்க. ஸ்டிங்க் பக். ஏர்போர்ட்ல போஸ்டர் ஒட்டியிருக்காங்களே, அதேதான்."

இந்த நாட்டில் அந்தப் பூச்சியைத் தெரியாதவர் இல்லை. பழுப்பு உடம்பில் பளிங்குக் கோலம் போட்ட வெளிநாட்டு நாவாய்ப்பூச்சி. உள்ளே வந்தால் பழத்தோட்டங்களை அழித்துவிடும் என்று எல்லையில் காவல் காக்கிறார்கள். கண்டால் பிடி, படமெடு, உடனே அறிவி என்பது கட்டளை.

சோபனா அவருடைய கைபேசியைப் பார்க்கவில்லை. செடியைப் பார்த்தார்.

"ரங்கநாதன், உங்கட ஃபோன் எதைப் பாத்துச் சொன்னது?"

"மொத்தமா உருவத்த வெச்சுதான் சொல்லுது. எழுபத்தெட்டு பர்சன்ட் மேட்ச்."

"எழுபத்தெட்டு எண்டால் எங்கட ஃபக்டரியில சிவப்புத் தட்டு."

"நாறுது பாருங்க மேடம். பேரே ஸ்டிங்க் பக்."

"பயந்தால் ரெண்டும் நாறும். நாத்தத்தைக் கொண்டு முடிவெடுக்கேலாது. கொம்பைப் பாருங்கோ, வெள்ளை வளையம் இருக்கோ?"

"வெறுங்கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. நான் தலைவர்கிட்ட சொல்லிடறேன், அது என் கடமை."

கடமை பதினைந்து நிமிடத்தில் நிறைவேறியது. ஏழரைக்குக் கொட்டகைக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டோம். இராசநாயகம் தெளிக்கும் பம்பைத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், பொங்கலுக்குப் பானை பார்ப்பது போல.

"சனிக்கிழமை பத்து மணிக்கு முழுத் தோட்டத்துக்கும் மருந்து அடிக்கப்படும்" என்றார். "அதுக்குப் பிறகு மதிப்பீடு. பதினாலாம் பாத்தியில செடிகள் பிடுங்கப்படும். ஒருத்தரும் வெளியில கதைக்க வேண்டாம்."

"அண்ணை, அது அந்தப் பூச்சி எண்டால் மூடி மறைக்கேலாது. அரசாங்கத்துக்கு அறிவிக்க வேணும். சட்டம்" என்றார் சோபனா.

பின்னால் நின்ற இருவர் இன்னும் ஓரடி பின்னால் போனார்கள். அதை எங்களைத் தெரியாதவர்களுக்கு விளக்குவது கடினம். அங்கே நின்ற எல்லோரிடமும் இந்த நாட்டின் கறுப்புக் கடவுச்சீட்டு இருந்தது. வரி கட்டுகிறோம், வாக்களிக்கிறோம், நூலகப் புத்தகத்தைத் தவணைக்கு முதலே திருப்பிக் கொடுக்கிறோம். ஆனாலும் அரசாங்கம் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லோருடைய முதுகும் சற்று நிமிர்ந்தது. எங்கள் வாழ்நாளில் அரசாங்கம் எங்களைக் கூப்பிட்டிருக்கிறது. நாங்கள் அரசாங்கத்தைக் கூப்பிட்டதில்லை.

"நாங்களே வலியக் கூப்பிடுறதோ?" என்றார் இராசநாயகம். அதிர்ச்சியில் அவருக்குச் செய்வினையே வந்துவிட்டது. "வந்து தோட்டத்தைப் பூட்டிப்போட்டுப் போனால்?"

"பூட்டமாட்டினம். ஏனெண்டால் இது அந்தப் பூச்சி இல்லை."

"இல்லையெண்டு தெரிஞ்சால் பிறகென்னத்துக்குப் பிள்ளை கூப்பிடுறாய்?"

"இல்லையெண்டு தெரிஞ்சபடியாத்தான் பயமில்லாமல் கூப்பிடுறன் அண்ணை. ஓமெண்டு நினைக்கிற நீங்கள்தானே கூப்பிட்டிருக்க வேணும்?"

பதில் இல்லாதபோது நாங்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தோம்: பெரும்பான்மையாகக் கையை உயர்த்தி, சனிக்கிழமை மருந்தடிப்பதென்று தீர்மானித்தோம்.

வெள்ளி மதியம், தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையிலிருந்து சோபனா, இப்படியான பூச்சிகளை அறிவிப்பதற்கான அரசாங்கத்தின் இலவச அழைப்பு எண்ணுக்குத் தொலைபேசினார். தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார். தோட்டத்தின் முகவரியைச் சொன்னார். முதல் நாள் செடியில் எடுத்த படங்களை அனுப்பினார். மறுமுனையில் இருந்த பெண் ஒரு முறைப்பாட்டு எண்ணைக் கொடுத்து, நிபுணர் பார்த்து ஓரிரு வேலை நாட்களில் பதில் தருவார் என்றாள். ஓரிரு வேலை நாட்கள் என்றால் திங்களோ செவ்வாயோ. மருந்து சனிக்கிழமை பத்து மணிக்கு.

வேலை முடிந்து ஐந்தரைக்குத் தோட்டத்துக்கு வந்தார். கோடைகால வெளிச்சம் எட்டு மணிவரை நிற்கும். தொழிற்சாலையில் கேட்டு வாங்கிய ஒளி ஊடுருவும் சின்னக் குப்பிகளோடு, பதினான்காம் பாத்தியில் கேடய உருவத்தில் என்ன நின்றாலும் பிடித்தார். தெரிவு செய்யவில்லை, நல்லதாகத் தெரிந்ததையும் பிடித்தார், கெட்டதாகத் தெரிந்ததையும் பிடித்தார். வெறுங்கையால் பிடித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். கை இரண்டும் நாறின. முப்பத்தொரு குப்பி நிறைந்தது. ஒவ்வொன்றிலும் எண் ஒட்டினார். குளிரில் பூச்சி அசையாமல் இருக்கும், அப்போதுதான் வயிற்றுப் பக்கம் பார்க்கலாம் என்பதால் வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்குள் அடுக்கினார்.

பிரதாபன் தயிர் எடுக்கக் கதவைத் திறந்தார்.

"இஞ்சாரும், இதென்ன?"

"நாளைக்குச் சாட்சிகள்."

"கடிக்குமோ?"

"உங்களைக் கடிக்காது. நீங்கள் புழு இல்லையே."

"இதுக்குப் பேர் என்ன?"

சோபனா சற்றுத் தயங்கினார். "இங்கிலீசில சோல்ஜர் பக் எண்டு சொல்றாங்கள்."

பிரதாபன் தயிர்ப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஆமிப் பூச்சியே! யாழ்ப்பாணத்தில இருந்து ஓடிவந்து, ஆமியைக் காப்பாத்த நிக்கிற முதலாவது ஆள் நீர்தானப்பா. இராசநாயகம் அண்ணைக்குச் சொல்லிப்போடாதையும். பம்பை இரட்டிப்பா நிரப்புவார்."

"பேரை விடுங்கோ. பேர் வைச்சவன் பிழை விட்டால் பூச்சி என்ன செய்யும்?"

சனி காலை ஒன்பது மணிக்கு, கொட்டகைக்கு முன்னால் மடிப்பு மேசையொன்று விரிந்திருந்தது. மேசையில் முப்பத்தொரு குப்பிகள், பெருக்கிக் கண்ணாடி, தொழிற்சாலைப் படிவம் போலக் கோடு கீறிய ஒரு தாள். தாளில் இரண்டே கேள்விகள். உணர்கொம்பில் வெள்ளை வளையம் உண்டா? தலையின் கீழுள்ள ஊசி உணர்கொம்பைவிடத் தடிப்பா?

"அளவு எங்கே? நிறம் எங்கே?" என்று கேட்டார் ரங்கநாதன்.

"ரெண்டுக்கும் அளவு கிட்டத்தட்ட ஒண்டுதான், நிறமும் ஒண்டுதான். அதைக் கேட்டால் பிழைதான் வரும். கொம்பில வெள்ளை வளையம் இருந்தால் அது அந்தப் போஸ்டர் பூச்சி. நான் இப்பவே திரும்பக் கூப்பிடுவன், நீங்கள் பம்பை எடுங்கோ. ஊசி தடிப்பா இருந்தால் புழுவைக் குத்துற சாதி. புழுவின்ரை தோலைக் குத்தி, அது துள்ளத்துள்ளப் பிடிச்சு வைச்சிருக்க வேணும், மெல்லிய ஊசி முறிஞ்சுபோகும். செடியை உறிஞ்சுறதுக்கு மெல்லிய ஊசி காணும். அது தலைக்குக் கீழ ரெண்டு வரம்புக்கு நடுவில ஒட்டிக்கொண்டு கிடக்கும். புழுவைக் குத்துறதுகளின்ரை ஊசி அடியிலயிருந்தே விலகி நிக்கும், முன்னுக்கு நீட்டேலும். நீங்களே பாத்து நீங்களே எழுதுங்கோ. நான் எழுதினால் என்ரை பாத்திக்காக எழுதினது எண்டு சொல்லுவியள்."

பேனையை ரங்கநாதனிடம் கொடுத்தார். அவர் முதலாவது குப்பியைத் தலைகீழாகப் பிடித்து, கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். நெடுநேரம் பார்த்தார்.

"வளையம் இல்லீங்க." மீண்டும் பார்த்தார். "ஊசி... அடேங்கப்பா. கொம்பு மாதிரி ரெண்டு மடங்கு இருக்கு."

"எழுதுங்கோ."

பத்தாவது குப்பிக்கு வரும்போது பட்டதாரி முழித்துக்கொண்டார். பதினைந்தாவதில் சோபனா சொல்லாமலே குப்பியைத் தட்டி, ஊசி முன்னால் நீள்வதைப் பக்கத்தில் நின்றவர்களுக்குக் காட்டினார். அதுவரை தொலைவில் பம்புக்குக் காவல் நின்ற இராசநாயகமும் இரண்டு அடி கிட்ட வந்தார். நாங்கள் கண்ணாடியைக் கைமாற்றிக்கொண்டோம். இருபதாவது குப்பியில், இலைத்துண்டொன்றில் முட்டைகளும் இருந்தன: கரிய சிறு பானைகள் வரிசையாக, ஒவ்வொரு பானையின் வாயைச் சுற்றியும் வெள்ளை மயிர்கள். மூன்று வருடமாக எங்களிற் பலர் ஈரத்துணியால் துடைத்தெறிந்த "கறுப்பு அழுக்கு" அதுதான் என்று புரிந்தபோது எவரும் எவரையும் பார்க்கவில்லை.

இருபத்துமூன்றாவது குப்பியில் ரங்கநாதன் நின்றுவிட்டார்.

"மேடம்... இதுல வளையம் இல்ல. ஆனா ஊசி..." குரலைத் தாழ்த்தினார். "கொஞ்சம் சின்னப் பூச்சி. அடுத்தது பாக்கலாமா?"

நல்ல மனிதர் என்று முதலே சொன்னேன். அவர் தாண்டிப் போயிருப்பார். முப்பத்தொன்றில் ஒன்று; தாளில் ஓம் என்று போட்டால் யாருக்கும் தெரியாது. மணி ஒன்பதே முக்கால்.

சோபனா குப்பியை வாங்கி, தலைகீழாக்கி, கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பதினொரு வருடமாகப் பார்க்கிற அதே பார்வை. முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"மெல்லிசு" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படியாக. "வரம்புக்கு நடுவில ஒட்டிக் கிடக்குது. இது செடி உறிஞ்சுற சாதி. போஸ்டர்ப் பூச்சி இல்லை, ஆனால் என்ரை ஆளும் இல்லை. ரெண்டாம் கேள்விக்கு இல்லை எண்டு எழுதுங்கோ."

"மேடம், எழுதினா..."

"எழுதுங்கோ ரங்கநாதன்."

எழுதினார். கூட்டத்தில் ஒருவர், "அப்ப பூச்சி இருக்குத்தானே!" என்றார். இன்னொருவர் "பாத்தியளோ" என்றார். பதினான்காம் பாத்தி கைமாறும் என்று நாங்கள் அனைவரும் அந்த நிமிடத்தில் நினைத்தோம். காத்திருப்போர் பட்டியலில் மைத்துனர் இருந்த ஒருவர் கைபேசியைக்கூட எடுத்துவிட்டார்.

இராசநாயகம் மேசைக்கு வந்தார். இருபத்திரண்டாவது குப்பியையும் இருபத்துமூன்றாவதையும் இரண்டு கைகளில் எடுத்தார். கண்ணாடியால் ஒன்றை, பிறகு மற்றதை, பிறகு மீண்டும் முதலாவதை. பழுப்பும் பழுப்பும். மேலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்.

"பிள்ளை, இதை நீ நேற்றே பாத்தனியோ?"

"இல்லை அண்ணை. பாத்தால் தெரிவு செய்துபோடுவன் எண்டு பாக்கேல்லை."

அவர் குப்பிகளைக் கீழே வைத்தார். "நான் அணைக்கட்டு வேலையில கொங்கிறீட்டுக் கட்டி உடைச்சுப் பாக்கிற சோதனை முப்பது வருசம் செய்திருக்கிறன்" என்றார். "எல்லாக் கட்டியும் பாஸ் எண்டு ரிப்போட் வந்தால் நான் கையெழுத்து வைக்கமாட்டன். ஒண்டையும் ஃபெயில் ஆக்காத சோதனை, சோதனை இல்லை. இது சோதனை." பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "மற்ற எட்டையும் பாத்து முடியுங்கோ. பம்பு உள்ளுக்கு வைக்கப்படும்."

"அண்ணை, தீர்மானம் எடுத்ததெல்லோ?" என்றார் கைபேசிக்காரர்.

"ஆருக்கு அவசரம்? உன்ரை மைச்சானுக்கோ?"

கைபேசி பைக்குள் போனது. மீதி எட்டும் தேறின. அன்றைய மதிப்பீட்டில் எல்லாப் பாத்திகளுக்கும் இலைத் தூய்மைக் கட்டம் வெறுமையாக விடப்பட்டது. தலைவர் அதற்கு ஒரு நீளமான செயப்பாட்டு வசனம் எழுதினார், அதைப் புரிந்துகொண்டவர் எவரும் இல்லை. மற்ற எழுபத்தைந்தில் சோபனாவுக்கு அறுபத்திரண்டு. விளைச்சலுக்கு முழுப் புள்ளி போட்டுவிட்டு ரங்கநாதன், "பயித்தங்காய் ரெண்டு எடுத்துக்கவா மேடம்?" என்று கேட்டார். முப்பத்தொன்றையும் படமெடுத்து முதல் நாள் படங்களோடு சேர்க்கும்படி அனுப்பிவிட்டு, முப்பது குப்பிகளைச் சோபனா திறந்து மீண்டும் பயற்றங்கொடியில் விட்டார். இருபத்துமூன்றாவதைச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டார்.

செவ்வாய்க்கிழமை நிபுணரிடமிருந்து பதில் வந்தது. நான்கு வரி. படங்களில் இருப்பவை இந்நாட்டுக்குரிய இரைபிடிக்கும் நாவாய்ப்பூச்சிகள் என்றும், ஒன்று மட்டும் செடிச்சாறு உண்ணும் உள்ளூர் வகை என்றும், மருந்தடிக்கத் தேவையில்லை என்றும், அறிவித்ததற்கு நன்றி என்றும் இருந்தது. எவரும் தோட்டத்தைப் பூட்டவில்லை. இராசநாயகம் அந்தப் பதிலை அச்சிட்டு, தானே ஒட்டிய அறிவித்தலின் மேல் ஒட்டினார். பழையதைக் கிழிக்கவில்லை, ஏனென்றால் குழுவின் அறிவித்தல்கள் கிழிக்கப்படுவதில்லை.

எங்கள் வாய்க்குச் சுலபமாகப் பெருமை வராது. வந்தாலும் பிள்ளைகளின் பட்டத்துக்கும் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கும்தான் வரும். ஆனால் இப்போது தோட்டத்துக்குப் புதிதாக யாராவது வந்தால், கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு நாங்கள் அவரைப் பதினான்காம் பாத்திக்குத்தான் முதலில் கூட்டிக்கொண்டு போகிறோம்.

சோபனா செய்தது இவ்வளவுதான்: தன் பாத்தி போகக்கூடும் என்று தெரிந்தும் அரசாங்கத்துக்குத் தானே அறிவித்தார், தன் பாத்தியிலிருந்து முப்பத்தொரு பூச்சிகளைப் பிடித்து, முப்பது இரைபிடிப்பவை என்றும் ஒன்று செடி உறிஞ்சுவது என்றும் எல்லோர் முன்னிலையிலும் எழுதுவித்து, அந்தத் தாளின் கீழே கையெழுத்திட்டார்.